சிங்கப்பூர் வாடகைல இருந்து தப்பிச்சு பினாங்குல எளிமையா வாழ்றது எப்படி

சிங்கப்பூர்ல நல்ல சம்பளம் வாங்குறோம், ஆனா மாசக் கடைசில அக்கவுண்ட்ட பாத்தா கைல ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுன்னு பொலம்புற நம்ம ஆளுங்க எக்கச்சக்கம். ஒரு சாதாரண ஹெச்டிபி (அரசாங்கம் கட்டுன அடுக்குமாடி) வீட்ட முழுசா வாடகைக்கு எடுத்தாலே ரெண்டாயிரத்து அஞ்சூறு டாலருக்கு மேல போயிடுது, மிச்சத்துல சாப்பாடு, ஊருக்கு அனுப்புற காசு, வருஷத்துக்கு ரெண்டு டிக்கெட், முடிஞ்சுது கதை. வேலைய ரிமோட்டா மாத்திக்க முடிஞ்சவங்க நெறைய பேர் இப்ப பக்கத்துல இருக்குற மலேசியா பக்கம் பாக்குறாங்க, அதுலயும் நம்மாளுங்களுக்கு பினாங்கு மேல ஒரு கண்ணு. நாங்களும் அப்படி வந்து சேந்தவங்கதான், இப்ப கெலுகோர் பக்கம் ஒரு பழைய அப்பார்ட்மெண்ட்ல இருக்கோம். வர்றதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும், எந்த வரிசைல பண்ணணும்னு கேட்டு கேட்டு பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் உக்காந்து ஒரேடியா எழுதிட்டேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். சென்னைலயோ கோயமுத்தூர்லயோ ரூபாய்ல சம்பளம் வாங்கிட்டு, பினாங்கு போனா செலவு கொறையும்னு நெனைக்கிறவங்க தயவுசெஞ்சு வராதீங்க. ஒரு ரிங்கிட் இருவது ரூபாய்க்கு மேல போயிடுச்சு, இங்க சாதாரணமா ஒரு வேள வெளிய சாப்பிட்டா எட்டு பத்து ரிங்கிட், கணக்கு போட்டு பாத்தா சரவணபவன் பில் மாதிரி இருக்கும். இந்த ஊரு யாருக்கு சீப்புன்னா சிங்கப்பூர், துபாய், லண்டன் மாதிரி எடத்துல இருந்து வர்றவங்களுக்கு, அதுவும் வருமானம் டாலர்லயோ பவுண்ட்லயோ தொடர்ந்து வந்தாதான். இன்னொரு விஷயம், சிங்கப்பூர்ல வாழ்ந்த அதே வாழ்க்கைய அப்படியே தூக்கிட்டு வந்து இங்க வெச்சா மிச்சம் ஒண்ணும் பெருசா இருக்காது. கடல் தெரியுற காண்டோ, ஒரு கார், ராத்திரி பகல் ஏசி, இந்த மூணையும் விட்டாத்தான் பினாங்கு சீப். விட முடியாதுன்னா பேசாம சிங்கப்பூர்லயே இருங்க, அங்கயாவது பஸ்ஸு டைமுக்கு வரும்.

பாஸ் வாங்குறதுதான் மொத வேல

வீடு பாக்குறது, பொட்டி கட்டுறது எல்லாம் அப்புறம். இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1ல இருந்து 30 நாள் விசா இல்லாம உள்ள விடுது, அத 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. கெளம்புறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், அது ஃப்ரீ, காசு கேக்குற வெப்சைட் எல்லாம் டுபாக்கூர். இந்த 30 நாள் சுத்தி பாக்கத்தான், ஊரு புடிக்குதான்னு பாக்க, வீடு பாக்க. இத வெச்சுக்கிட்டு மாசாமாசம் தாய்லாந்து பக்கம் ஹாட்யாய் போயிட்டு திரும்பி வந்து, இங்கயே உக்காந்து வேலையும் செஞ்சுட்டு இருக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, இமிக்ரேஷன் கவுண்டர்ல ஒரு நாள் மாட்டுவீங்க, அப்புறம் பேரு சிஸ்டம்ல ஏறிடுச்சுன்னா இந்த ஊருக்கு டூருக்கு கூட வர முடியாது.

வேலை செஞ்சுட்டு முறையா தங்குறதுக்கு இருக்குறது டிஇ ரந்தாவ் நோமாட் பாஸ். 2022ல ஆரம்பிச்சாங்க, எம்டெக்ங்கிற அரசாங்க ஏஜென்சி நடத்துது. சாஃப்ட்வேர், டிசைன், சைபர் செக்யூரிட்டி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாதிரி வேலைல இருக்கவங்களுக்கு வருஷ வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல இருக்கணும், டெக் இல்லாத வேலைன்னா 60,000. கம்பெனி மலேசியாவுக்கு வெளிய இருந்து சம்பளம் குடுத்தா போதும், ஃப்ரீலான்சரா இருந்தா மூணு மாசத்துக்கு மேல ஓடுற கான்ட்ராக்ட் காட்டணும். மூணு மாசத்துல இருந்து பன்னெண்டு மாசம் வரைக்கும் குடுப்பாங்க, ஒரு தடவ இன்னொரு பன்னெண்டு மாசம் ரினியூ பண்ணலாம். அப்ளிகேஷன் ஃபீஸ் உங்களுக்கு 1,000 ரிங்கிட், கூட வர்ற மனைவி புள்ளைங்களுக்கு ஆளுக்கு 500. ஏஜென்ட் தேவையே இல்ல, எல்லாம் ஆன்லைன்தான், பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், கான்ட்ராக்ட், ரெஸ்யூமே எல்லாத்தையும் ஒழுங்கா ஸ்கேன் பண்ணி, எல்லாத்துலயும் உங்க பேரு பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே இருக்கான்னு பாத்து போடுங்க. நம்ம தமிழ் பேருல இந்த இனிஷியல் பிரச்சன இருக்கே, பேஸ்லிப்ல எஸ். ராஜா, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேம் எடத்துல, பேங்க்ல மூணாவதா ஒண்ணு, இதெல்லாம் பாத்தா திருப்பி அனுப்பி கேள்வி கேப்பாங்க, வாரக்கணக்குல இழுக்கும். கம்பெனிகிட்ட ஒரே லெட்டர்ல இந்தப் பேரெல்லாம் ஒரே ஆளோடதுதான்னு எழுதி வாங்கிடுங்க.

அந்த கம்பெனி லெட்டர்னு சொல்றப்பவே இன்னொண்ணு. மேனேஜர்கிட்ட வாய்வார்த்தையா "எங்க இருந்து வேணா வேலை பாருப்பா"ன்னு பர்மிஷன் வாங்கிட்டு கெளம்பிடாதீங்க. மலேசியால இருந்து வேல பாக்குறதுக்கு ஹெச்ஆர் எழுத்துல ஒத்துக்கணும். ஏன்னா நீங்க இன்னொரு நாட்டுல உக்காந்து வேல செஞ்சா அந்த கம்பெனிக்கு அங்க வரி பிரச்சன வரலாம், அதனால பெரிய கம்பெனி பலது சம்மதிக்கவே சம்மதிக்காது. சிங்கப்பூர் இபி (எம்ப்ளாய்மெண்ட் பாஸ்) வெச்சிருக்கவங்க அத கேன்சல் பண்ணிட்டு வேற கான்ட்ராக்ட்ல மாறுறதுதான் பெரும்பாலும் நடக்குது.

சிங்கப்பூர் குடியுரிமை இருக்குற நம்ம பெரியவங்க, ரிட்டயர் ஆகி வர்றவங்க, அவங்களுக்கு இந்த பாஸ் சரிப்படாது, அவங்க பாக்க வேண்டியது எம்எம்2ஹெச், அதாவது மலேசியா மை செகண்ட் ஹோம்ங்கிற நீண்ட நாள் தங்குற திட்டம். 2024ல ரூல்ஸ் எல்லாம் மாத்திட்டாங்க. சில்வர்னு கீழ்மட்ட வகைக்கே 150,000 அமெரிக்க டாலர் ஃபிக்ஸட் டெபாசிட் போடணும், அது போக 600,000 ரிங்கிட்டுக்கு கொறையாம ஒரு வீடும் வாங்கணும், அஞ்சு வருஷ பாஸ். எளிமையா வாழணும்னு வர்றவனுக்கு இது எளிமை இல்ல, ஆனா சிங்கப்பூர்ல ஹெச்டிபி வித்த காசு கைல இருக்குறவங்களுக்கு பெரிய தொகையும் இல்ல. இதுக்கு மேல அதப்பத்தி நான் பேசல.

ஏன் பினாங்கு, ஜோகூர் பாரு ஏன் இல்ல

ஜோகூர் பாரு பக்கம்தான், பாலம் தாண்டுனா சிங்கப்பூர், ஆனா வாரக் கடைசில சிங்கப்பூரே அங்கதான் வந்து எறங்குது, கார் கழுவுறதுல இருந்து முடி வெட்டுறது வரைக்கும் வெலைய அவங்கதான் ஏத்திவிடுறாங்க, கார் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது. கோலாலம்பூர்ல ட்ரெயின் வசதி நல்லா இருக்கு, வேலை தேடுறவனுக்கு நல்ல ஊரு, ஆனா அமைதி தேடி வந்தவனுக்கு இல்ல. ஈப்போவும் தைப்பிங்கும் பினாங்கவிட இன்னும் சீப், வாடகை அடிச்சு சொல்ற அளவுக்கு கம்மி, மலை, குளம், பழைய கடைத்தெரு, தைப்பிங்ல மழை பேஞ்சுக்கிட்டே இருக்கும். ஆனா ரெண்டுலயும் பஸ் வசதி பத்தாது, ஃபிளைட்டும் கம்மி. பினாங்குல இருந்து சென்னைக்கு இண்டிகோ நேர் ஃபிளைட் 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, வயசான அப்பா அம்மா ஊருல இருக்குறவங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். சிங்கப்பூருக்கு ஒன்றர மணி நேரம்.

அப்புறம் நம்ம சாப்பாடு, நம்ம கோயில். பினாங்கோட மெயின் டவுன் ஜார்ஜ்டவுன், அங்க குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833ல கட்டுனது, அத சுத்தி லிட்டில் இந்தியா, அங்க போனா இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், கருவேப்பிலை, மல்லிப்பூ எல்லாம் கெடைக்கும். தைப்பூசத்தப்ப வெள்ளி ரதமும் தங்க ரதமும் ரெண்டும் ஓடும், யாரு மொதல்லன்னு ஊருல ஒரு பஞ்சாயத்தே உண்டு, அதுல நாம வாயக் குடுக்காம தேங்காய் ஒடைக்கிறத மட்டும் வேடிக்க பாக்குறது நல்லது.

எந்த ஏரியா

தீவோட வடக்கு பக்கம் தஞ்சோங் தோகோங், தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, இதெல்லாம் கடலோரம், வெள்ளைக்காரங்க ரிட்டயர் ஆகி இருக்குற எடம், வாடகையும் அதுக்கு தகுந்த மாதிரி ரெண்டாயிரத்து அஞ்சூறு ரிங்கிட்டுக்கு மேல போகும். தெற்க பாயான் லெப்பாஸ், இன்டெல் 1972லயே வந்து எறங்குன ஃபேக்டரி ஏரியா, ஏர்போர்ட் பக்கம், காலைலயும் சாயங்காலமும் ட்ராஃபிக் கொன்னுடும். நடுவுல கெலுகோர், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், ஃபார்லிம், இங்கதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஏத்த வீடு கெடைக்கும். லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட் 700ல இருந்து 1,000 ரிங்கிட், சுமாரான பழைய காண்டோ ஃபர்னிச்சரோட 1,200ல இருந்து 1,600. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் இன்னும் கம்மி, ஃபெர்ரி இருக்கு, கேடிஎம் ட்ரெயின் ஸ்டேஷனும் அங்கதான், கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம், ஆனா தீவுல வேல இல்லாதவங்களுக்கு மட்டும்தான் அந்தப்பக்கம் வசதி.

வீடு தேடுறப்ப ஒரு கசப்பான விஷயத்துக்கு மனச தயார் பண்ணிக்கங்க. ஆன்லைன்ல ரூம் விளம்பரத்துல "சீனருக்கு மட்டும்"னு வெளிப்படையாவே போட்டிருப்பாங்க, போடாதவங்களும் வாட்ஸ்அப்ல ஹலோ சொன்ன உடனே மொத கேள்வியா என்ன ரேஸு, அதாவது என்ன இனம்னு கேப்பாங்க. இங்க பொறந்து வளந்த மலேசியத் தமிழர்களுக்கே இதே கதிதான், அவங்க வருஷக்கணக்கா இதப்பத்தி பேசிக்கிட்டே இருக்காங்க. இதுல சண்ட போட்டு வீடு வாங்க முடியாது, நேரந்தான் வீணு. நான் கத்துக்கிட்ட வழி என்னன்னா மொத மெசேஜ்லயே எல்லாத்தையும் கொட்டிடுறது, "நாங்க இந்தியர், ரெண்டு பேர், ரிமோட் வேல, பாஸ் இந்த தேதி வரைக்கும் இருக்கு, சமைப்போம், ஒரு வருஷம் தங்குவோம்". வேணாங்கிறவன் அங்கயே வேணான்னு சொல்லிடுவான், பஸ் புடிச்சு போயி வாசல்ல நின்னு அவமானப்பட வேண்டாம். சமைப்போம்னு சொல்றது முக்கியம், சில வீட்டுல லைட் குக்கிங் மட்டும்னு ரூல் வெப்பாங்க, நூடுல்ஸ் கொதிக்க வெக்கலாம், தாளிக்கக் கூடாதுன்னு அர்த்தம். தாளிக்காம நம்மால ஒரு வாரம் இருக்க முடியுமா?

வீட்ட நேர்ல போயி பாக்குறது மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு இருக்கட்டும். ஏன்னா இங்க பிரச்சனையே வெயிலும் ஈரமும்தான். மேற்க பாத்த படுக்கை ரூமா இருந்தா அந்த நேரத்துல சுவத்துல கைய வெச்சு பாருங்க, தோசக்கல்லு மாதிரி சுடும், ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்த சூடு எறங்காது, நீங்க ஏசி போட்டே ஆகணும், கம்மி வாடகைன்னு எடுத்த வீடு கரண்ட் பில்லுல பழி வாங்கிடும். அலமாரிய ஓனர் அனுமதியோட கொஞ்சம் முன்னால இழுத்து பின்னாடி பாருங்க, கருப்பா புள்ளி புள்ளியா பூஞ்சை இருந்தா அந்த சுவரு தண்ணி உறிஞ்சுதுன்னு அர்த்தம், உங்க சட்ட, செருப்பு, தோல் பர்ஸ் எல்லாம் மூணு மாசத்துல பச்சையாயிடும். ஏசிக்கு கீழ சுவத்துல மஞ்சள் கோடு எறங்கியிருந்தா லீக். ரெண்டு கொழாயவும் ஒண்ணா தொறந்து தண்ணி வேகம் கொறையுதா பாருங்க, ஹீட்டர போட்டு பாருங்க, உங்க மொபைல்ல சிக்னல் எத்தன கட்டை வருதுன்னு ஒவ்வொரு ரூம்லயும் பாருங்க, ஆன்லைன் வேல பாக்குறவனுக்கு இது சோறு. வெளிய வரும்போது கீழ நோட்டீஸ் போர்டு ஒண்ணு இருக்கும், சில அப்பார்ட்மெண்ட்ல மெயின்டனன்ஸ் கட்டாத வீட்டு நம்பர் லிஸ்ட் ஒட்டியிருப்பாங்க. அதுல நீங்க பாத்த வீட்டு நம்பர் இருந்தா அந்த ஓனர்கிட்ட டெபாசிட் குடுத்தா திரும்பி வருமான்னு யோசிங்க. உயரமான மாடில எதிர் எதிர் ஜன்னல் இருக்குற வீடு கெடச்சா விட்டுடாதீங்க, காத்து சும்மா அள்ளிக்கிட்டு போகும், ஒரு ஃபேன் போதும்.

டெபாசிட் கணக்கு இங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி, ரெண்டு மாச வாடகை செக்யூரிட்டி, அர மாசம் கரண்ட் தண்ணிக்கு, ஒரு மாச வாடகை முன்பணம். 1,200 வாடகைன்னா மொத நாளே 4,200 ரிங்கிட் கைய விட்டுப் போகும், அக்ரிமெண்ட் ஸ்டாம்ப் செலவு தனி. அக்ரிமெண்ட்ல டிப்ளமாட்டிக் க்ளாஸ்ங்கிற நிபந்தனை ஒண்ணு கேட்டு போடுங்க, பாஸ் ரினியூ ஆகலன்னாலோ வேல போயிட்டாலோ ரெண்டு மாசம் முன்னாடி சொல்லிட்டு டெபாசிட் இழக்காம கெளம்பலாம்ங்கிறது. அதுவா போட்டுத் தர மாட்டாங்க, கேட்டாத்தான். பாஸ் கைல வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷ அக்ரிமெண்ட்ல கையெழுத்து மட்டும் போடாதீங்க, அதுவரைக்கும் மாச வாடகை ரூமோ ஹோம்ஸ்டேயோ போதும்.

மாசச் செலவு எப்படி ஓடுது

எங்கள மாதிரி ரெண்டு பேருக்கு, கார் இல்லாம, ஏசி ராத்திரி மட்டும் சில மணி நேரம் போட்டா, தோராயமா சொல்றேன். வாடகை 1,200, கரண்ட் 120 பக்கம், தண்ணி பில்ல பாத்தா சிரிப்பு வரும், பினாங்குல தண்ணி அவ்வளவு சீப், இருவது ரிங்கிட்ட தாண்டாது. ஃபைபர் நெட் நூறு சுமார், ரெண்டு ப்ரீபெய்டு சிம் எழுவது. வீட்டுல சமையல் கூடுதலாவும் வெளிய சாப்பாடு கம்மியாவும் வெச்சுக்கிட்டா சாப்பாட்டுக்கு 1,000ல இருந்து 1,200. பஸ்ஸும் க்ராபும் (ஆப்ல கூப்புடுற டாக்ஸி) சேத்து 250. இன்சூரன்ஸ் வயசப் பொறுத்து. மொத்தத்துல மூணாயிரத்து சொச்சம், சிங்கப்பூர் காசுல பாத்தா ஆயிரம் டாலருக்குள்ளயே முடிஞ்சுடுது. அங்க ரெண்டு ரூம் வாடகைக்கு கூட அது பத்தாது.

இதுல சாப்பாடுதான் ரெண்டு பக்கமும் இழுக்குற விஷயம். காலைல எங்க தெரு மொனைல மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, கடைக்காரர் ராமநாதபுரம் பூர்வீகம், தாத்தா காலத்துல வந்தவங்க. ரெண்டு ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி), ஒரு தே தாரிக் (ஆத்துன பால் டீ), பருப்பு குழம்பு எவ்வளவு வேணா ஊத்திக்கலாம், எந்திரிக்கும்போது அவரு தட்டப் பாத்தே "ஆறு வெள்ளி தம்பி"ன்னுடுவாரு, இங்க நம்மாளுங்க ரிங்கிட்ட வெள்ளின்னுதான் சொல்லுவாங்க. இதே ஆளு கடைல மத்தியானம் நாசி கண்டார்ல (சோறும் வகவகையா குழம்பும்) போயி நின்னு, சோத்து மேல கோழி, கணவா, வெண்டக்கா, முட்டைன்னு கைய நீட்டிக்கிட்டே போனா இருவது இருவத்தஞ்சு வெள்ளி ஆயிடும், கணவாய்க்கும் பெரிய எறாலுக்கும் வெலய மொதல்லயே கேட்டுக்கங்க, கேக்குறதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. மார்க்கெட்டுக்கு ச்சௌராஸ்தாவோ உங்க ஏரியா பசாரோ காலைல எட்டு மணிக்குள்ள போயிடுங்க, மீனு ஃப்ரெஷ்ஷா இருக்கும், கீரை, கேமரன் மலைல இருந்து வர்ற காய் எல்லாம் சூப்பர் மார்க்கெட்ட விட கம்மி. செலவ ஏத்துறது எதுன்னா இறக்குமதி சீஸ், திராட்ச, பாதாம் பால், அப்புறம் பீரு. மலேசியால மதுவுக்கு வரி பயங்கரம், வாரம் நாலு நாள் குடிக்கிற ஆளு இங்க மிச்சம் புடிக்கிறது நடக்காது.

கார் பத்தி. எல்லாரும் சொல்லுவாங்க, மலேசியால கார் இல்லாம முடியாதுன்னு. உள்ளூர் ஆளுக்கு அது உண்மை, வீட்டுல இருந்தே வேல பாக்குற உங்களுக்கு பினாங்கு தீவுல உண்மை இல்ல. ராபிட் பினாங்கு பஸ் ஒன்றர ரிங்கிட் சுமார்ல இருந்து ஆரம்பிக்குது, ஜெட்டியும் கொம்தாரும்தான் மெயின் ஸ்டாண்டு, 101 நம்பர் வடக்கு கடலோரம், 204 பினாங்கு ஹில் பக்கம், 401 ஏர்போர்ட் பக்கம், ஜார்ஜ்டவுன் உள்ள சுத்துற கேட் பஸ் ஃப்ரீ. ஆனா பஸ் அர மணி நேரம் லேட்டா வரும், சில சமயம் ரெண்டு ஒண்ணா வரும், பொறுமை வேணும். மழை பேஞ்சா க்ராப் ரேட் ரெண்டு மடங்கு, அப்ப கடைல உக்காந்து இன்னொரு தே ஓ (பால் இல்லாத டீ) குடிச்சுட்டு மழை விட்டப்பறம் போங்க. காரு வாங்குனீங்கன்னா இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், பார்க்கிங், அது மட்டுமில்லாம மானிய வெல பெட்ரோல் இப்ப மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான், நமக்கு மார்க்கெட் வெல. எளிமைய தேடி வந்துட்டு ஞாயித்துக்கெழம முழுக்க ஒர்க்‌ஷாப்ல உக்காந்திருக்குறது எனக்கு புரியல.

சாமான் எதையும் கன்டெய்னர்ல ஏத்தாதீங்க. இங்க வீடு பெரும்பாலும் ஃபர்னிச்சரோடதான் வரும், கொறையிறத ஊர விட்டுப் போறவங்க விக்கிறத பாத்து வாங்கிக்கலாம், முடா, கரோசல் மாதிரி பழைய சாமான் விக்கிற வெப்சைட்ல மிக்ஸி, மேச, நாற்காலி எல்லாம் அடிமாட்டு வெலைக்கு வரும். ஊர்ல இருந்து கொண்டுவர வேண்டியது குக்கர், இட்லித் தட்டு, உங்களுக்கு பழகின மருந்து ரெண்டு மாசத்துக்கு ப்ரிஸ்க்ரிப்ஷனோட, அவ்வளவுதான். இங்க ப்ளக்கு சிங்கப்பூர் மாதிரியே சதுர மூணு முள்ளு, இந்தியா ப்ளக்கு சேராது.

வரி, பேங்க், இந்த போர் அடிக்கிற பகுதி

போர்தான், ஆனா மொத்த மிச்சமும் இங்கதான் நிக்குது இல்ல போகுது. சம்பளம் சிங்கப்பூர்ல இருந்து வந்தாலும், நீங்க மலேசியால உக்காந்து வேல செஞ்சா அது மலேசியால சம்பாதிச்ச வருமானம்னுதான் இங்க சட்டம் பாக்குது. ஒரு காலண்டர் வருஷத்துல 182 நாளோ மேலயோ இருந்தா நீங்க ரெசிடெண்ட், ஸ்லாப் ரேட். இல்லன்னா நேரா 30 சதவீதம். வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க, மாசம் 8,000 ரிங்கிட், வருஷம் 96,000னு வெச்சுக்குவோம், ரெசிடெண்ட்டா இருந்தா 9,000 தனிநபர் கழிவு போக வரி சுமார் 7,000தான் வரும், ரெசிடெண்ட் இல்லன்னா 28,800. அதனால எந்த மாசம் வந்து எறங்குறீங்கங்கிறது வாடகைய விட பெரிய முடிவு. ஜனவரி, பிப்ரவரில வந்தா அந்த வருஷமே நாள் சேந்துடும், செப்டம்பர்ல வந்தா சேராது, அடுத்த வருஷத்தோட இணைச்சு கணக்கு பாக்குற ஒரு விதி இருக்கு, ஆனா அதுக்கு கண்டிப்பா இங்க ஒரு டாக்ஸ் ஏஜென்ட்ட பாத்து காசு குடுத்து கேளுங்க. அந்த சில நூறு ரிங்கிட்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

சிங்கப்பூர விட்டுக் கெளம்பும்போது கம்பெனி ஐஆர்21ங்கிற வரி க்ளியரன்ஸ் ஃபார்ம ஃபைல் பண்ணணும், கடைசி சம்பளத்த வரி க்ளியர் ஆகுற வரைக்கும் புடிச்சு வெச்சுக்குவாங்க, அதனால கடைசி மாச சம்பளத்த நம்பி பினாங்கு டெபாசிட்டுக்கு ப்ளான் போடாதீங்க. சிங்கப்பூர் நம்பர சின்ன ப்ளான்ல உயிரோட வெச்சிருங்க, பேங்க் ஓடிபி அதுலதான் வரும். பேங்குல வரி ரெசிடென்சி மாறுனத அப்டேட் பண்ணுங்க. இந்தியா பக்கம் பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கனவே என்ஆர்ஐ அந்தஸ்தும் என்ஆர்இ, என்ஆர்ஓ பேங்க் அக்கவுண்ட்டும் இருக்கும், அது அப்படியே தொடரும், ஆனா "சீப்பா இருக்கே"ன்னு வருஷத்துல பாதி நாள் ஊர்ல போயி உக்காந்தா 182 நாள் கணக்கு அங்கயும் இருக்கு, இந்தியால வருமானம் 15 லட்சத்துக்கு மேல வர்றவங்களுக்கு 120 நாளே போதும், ஜாக்கிரத.

இங்க பேங்க் அக்கவுண்ட் ப்ராஞ்சுக்கு ப்ராஞ்ச் மாறும். ஒரு ப்ராஞ்ச்ல இந்த பாஸே கேள்விப்படலன்னு மொகத்த பாப்பாங்க, பக்கத்து தெரு ப்ராஞ்ச்ல அர மணி நேரத்துல தொறந்து குடுப்பாங்க. பாஸ்போர்ட், பாஸ், வீட்டு அக்ரிமெண்ட் மூணும் கைல இருக்கட்டும், ஒரு எடத்துல முடியலன்னா அடுத்த எடத்துக்கு நடங்க, சண்ட வேண்டாம். அக்கவுண்ட் வந்துட்டா டியூட்நவ் க்யூஆர், நம்ம ஊரு யூபிஐ மாதிரி, பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) அப்பளம் விக்கிற அக்கா வரைக்கும் வெச்சிருக்காங்க. டச் என் கோ கார்டு ஒண்ணும் வாங்கிக்கங்க, பஸ்ஸுக்கும் ஃபெர்ரிக்கும் ஆகும்.

ஆஸ்பத்திரி விஷயத்துல பினாங்கு கெட்டி, இந்தோனேசியால இருந்தே வைத்தியத்துக்கு ஃபிளைட் ஏறி வர்ற ஊரு இது. தெரு டாக்டர்கிட்ட காய்ச்சலுக்கு போனா மருந்தோட சேத்து அம்பது அறுவது ரிங்கிட். ஆனா அட்மிட் ஆனா தனியார்ல பில்லு வேற ரேஞ்சு, அரசாங்க ஆஸ்பத்திரிலயும் வெளிநாட்டுக்காரனுக்கு தனி ரேட்டு. டெங்கு இங்க நிஜமான பயம், பால்கனி தொட்டி தண்ணிய வாரா வாரம் கொட்டுங்க. இன்சூரன்ஸ் இல்லாம வராதீங்க, ஏற்கனவே சுகர் பிரஷர் இருந்தா பாலிசி எடுக்கும்போது மறைக்காம சொல்லுங்க, மறைச்சா க்ளெய்ம் அப்ப கைய விரிப்பாங்க.

பள்ளிக்கூட வயசுல புள்ளைங்க இருக்குறவங்க இந்தக் கணக்க எல்லாம் மறுபடி போடணும். மலேசியால அஞ்சூறுக்கு மேல தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு, பினாங்குலயும் இருக்கு, ஆனா தற்காலிக பாஸ்ல வர்ற வெளிநாட்டுப் புள்ளைய அதுல சேக்குறது சுலபம் இல்ல. இன்டர்நேஷனல் ஸ்கூல்னா வருஷத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் ரிங்கிட்னு போகும், ரெண்டு புள்ளைன்னா வாடகைல மிச்சம் புடிச்சதெல்லாம் அங்க போயிடும். புள்ளைங்க இன்னும் ஸ்கூல் போகல, இல்ல காலேஜ் முடிச்சுட்டாங்க, இல்ல புள்ளைங்களே இல்ல, இந்த மூணு நெலமைக்குத்தான் இந்த ஐடியா ஒத்து வரும்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

நோமாட் பாஸ் கூட்டிக் கழிச்சா ரெண்டு வருஷந்தான், அது பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) ஆகாது, யாராவது ஆகும்னு காசு கேட்டா ஓடிடுங்க. அதனால ரினியூ பண்ண வருஷத்துலயே அடுத்து என்னன்னு பேசி வெச்சுக்கங்க, உள்ளூர் கம்பெனில வேல தேடி எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு மாறுறதா, வியட்நாம் பக்கமா, இல்ல காரைக்குடிக்கே திரும்பறதா. கெளம்புற முடிவு வந்துட்டா ஓனருக்கு ரெண்டு மாசம் முன்னாடி எழுத்துல வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் சொல்லுங்க, வீட்டுக்கு வந்த அன்னிக்கு எடுத்த ஃபோட்டோ வீடியோ எல்லாத்தையும், கரண்ட் மீட்டர் நம்பர் உட்பட, வெளிய எடுத்து வைங்க, ஏசிய ஒரு தடவ சர்வீஸ் பண்ணி பில்ல வெச்சுக்கங்க, ஏன்னா டெபாசிட்ல மொத மொதல்ல கை வெக்கிறது அந்த ஏசி சர்வீஸ் பேர சொல்லித்தான். வரி க்ளியரன்ஸும் டெபாசிட்டும் முடியுற வரைக்கும் மலேசிய பேங்க் அக்கவுண்ட்ட மூடாதீங்க.